ராடாவின் 226, 300: உக்ரைனின் உள்நாட்டு அரசியலும் வெளியுறவும்

உக்ரைனைப் பற்றிய செய்திகளைத் தொடர்ந்து படித்துவரும் வாசகருக்கு அந்நாட்டின் அரசியல் பெரும்பாலும் ஒரே ஒருவரின் முகமாகவே தெரிகிறது. அதிபர் வொலோதிமிர் ஜெலென்ஸ்கி வாஷிங்டன் சென்றார், பிரஸ்ஸல்ஸில் பேசினார், ஒரு சமாதானத் திட்டத்தை ஏற்றார் அல்லது மறுத்தார் என்றே தலைப்புகள் அமைகின்றன. அதனால் அவர் ஒருவர் மனம் வைத்தால் போர் நின்றுவிடும் என்றோ, அவர் ஒருவர் கையெழுத்திட்டால் நாட்டின் எல்லை மாறிவிடும் என்றோ பலரும் எண்ணுகிறார்கள். உக்ரைனின் அரசமைப்புச் சட்டம் எந்த அதிபருக்கும் அத்தகைய அதிகாரத்தைத் தரவில்லை. 1991இல் விடுதலை பெற்ற நாள்முதல் அந்நாட்டின் வெளியுறவு, அதிபருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே அதிகாரம் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்ற உள்நாட்டுக் கேள்வியோடு பிரிக்க முடியாமல் பிணைந்தே வந்திருக்கிறது. அந்தப் பிணைப்பைப் புதிதாக அறிய வருபவர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது.

அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

இந்தியாவில் குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் அறிவுரைப்படி நடப்பவர்; அமெரிக்காவில் அதிபரே நிர்வாகம் முழுவதற்கும் தலைவர். உக்ரைன் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அரை அதிபர் முறையைப் பின்பற்றுகிறது. மக்கள் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். வெர்கோவ்னா ராடா என்னும் 450 இடங்கள் கொண்ட ஓரவை நாடாளுமன்றத்தையும் அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். பிரதமரும் பெரும்பாலான அமைச்சர்களும் ராடாவில் உள்ள பெரும்பான்மைக் கூட்டணியின் ஆதரவால் பதவிக்கு வருகிறார்கள். ஆனால் வெளியுறவு அமைச்சர், பாதுகாப்பு அமைச்சர் ஆகிய இருவரின் பெயரை முன்மொழியும் உரிமை அதிபருக்கே உண்டு. அவர்களை நியமிப்பதும் நீக்குவதும் ராடா. ஒரே அமைச்சரவைக்குள் இருவேறு இடங்களிலிருந்து அதிகாரம் பெற்றவர்கள் அமர்ந்திருப்பதால், அதிபரும் ராடாவும் ஒத்துப்போகாத காலங்களில் வெளியுறவுக் கொள்கை இரண்டு குரல்களில் பேசத் தொடங்கிவிடுகிறது.

அரசமைப்பின் வாசகங்களும் இந்த இரட்டைத்தன்மையை உறுதிசெய்கின்றன. வெளிநாடுகளில் நாட்டைப் பிரதிநிதித்துவம் செய்வதும், வெளியுறவு நடவடிக்கைகளை வழிநடத்துவதும், ஒப்பந்தங்களைப் பேசி முடிப்பதும் அதிபரின் பொறுப்பு என்கிறது 106ஆம் பிரிவு. உள்நாட்டு, வெளிநாட்டுக் கொள்கைகளின் அடிப்படைகளைத் தீர்மானிப்பது ராடாவின் பொறுப்பு என்கிறது 85ஆம் பிரிவு. அதிபர் கையெழுத்திட்ட முக்கியமான ஒப்பந்தம் எதுவும் ராடாவின் ஒப்புதல் இல்லாமல் நாட்டைக் கட்டுப்படுத்தாது.

இங்கே இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. சட்டம் இயற்றவும், பிரதமரை நியமிக்கவும், ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தரவும் 226 வாக்குகள் வேண்டும். அரசமைப்பைத் திருத்த, முதலில் ஒரு கூட்டத்தொடரில் 226 வாக்குகளும், அதற்கடுத்த கூட்டத்தொடரில் 300 வாக்குகளும் வேண்டும். இந்த எண்ணிக்கை அன்றைக்கு அவைக்கு வந்தவர்களையோ, பதவியில் இருப்பவர்களையோ பொறுத்ததன்று. 450 என்ற முழு எண்ணிக்கையின் பாதிக்கு மேலும் மூன்றில் இரண்டும் என்று நிலையாக இருப்பது. கிரிமியாவிலும், நாட்டின் கிழக்கிலுள்ள டொன்பாஸின் ஒரு பகுதியிலும் வாக்குப்பதிவு நடத்த இயலாமல் போனதால் 2019இல் 424 உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். பதவி விலகியவர்கள் போக இப்போது ஏறத்தாழ 400 பேர்தான் இருக்கிறார்கள். ஆனாலும் தேவைப்படுவது அதே 300தான். நான்கில் மூன்று பங்கினர் சேர்ந்து வாக்களித்தால் மட்டுமே இன்று அந்நாட்டின் அரசமைப்பில் ஓர் எழுத்தை மாற்ற முடியும்.

கீவ் நகரில் இந்த இரு அதிகார மையங்களும் ஒன்றுக்கொன்று நடக்கும் தொலைவில் இருக்கின்றன. அதிபர் அலுவலகம் பாங்கோவா தெருவில் இருப்பதால் உக்ரைனியர்கள் அதிபரின் வட்டாரத்தையே பாங்கோவா என்று சொல்லிவிடுகிறார்கள். ராடாவும் அமைச்சரவைக் கட்டடமும் ஹ்ருஷெவ்ஸ்கி தெருவில் இருக்கின்றன. இவற்றுக்கு மிக அருகில் இருக்கும் மைதான் எனும் விடுதலைச் சதுக்கம், அரசமைப்பில் பெயர் குறிப்பிடப்படாத மூன்றாவது அதிகார மையமாக இருமுறை நாட்டின் போக்கையே மாற்றியிருக்கிறது.

குச்மா காலத்துப் பல திசைக் கொள்கை

1991 டிசம்பர் 1 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் விடுதலையை ஆதரித்தார்கள். கிரிமியாவிலும்கூட ஆதரவு 54 விழுக்காடு இருந்தது. நாட்டின் கிழக்கு முழுவதும் தொடக்கம் முதலே பிரிந்துபோக விரும்பியது என்ற கூற்றைக் கேட்கும்போதெல்லாம் இந்த வாக்கெடுப்பை நினைத்துப் பார்க்க வேண்டும். விடுதலையைப் பற்றி உள்நாட்டில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. விடுதலை பெற்ற நாடு எந்தப் பக்கம் சாய்வது என்பதில்தான் வேறுபாடு இருந்தது.

1994இல் அதிபரான லியோனித் குச்மா, எந்தப் பக்கமும் முழுதாகச் சாயாமல் எல்லாப் பக்கமும் உறவு வைத்துக்கொள்ளும் பல திசைக் கொள்கையைக் கடைப்பிடித்தார். அந்த ஆண்டு டிசம்பரில் கையெழுத்தான புடாபெஸ்ட் ஒப்புறுதியின்படி, சோவியத் ஒன்றியம் விட்டுச்சென்ற அணு ஆயுதங்களை உக்ரைன் துறந்தது. ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் அதன் எல்லைகளை மதிப்பதாக வாக்களித்தன. 1997 மே மாதம் ரஷ்யாவுடன் நட்புறவு ஒப்பந்தமும், அதே ஆண்டு ஜூலையில் நேட்டோவுடன் தனிச்சிறப்புக் கூட்டுறவுக்கான சாசனமும் கையெழுத்தாயின. இடையில், 1996 ஜூன் 28 அன்று, இரவு முழுவதும் கலையாமல் அமர்ந்திருந்த ராடா காலையில் புதிய அரசமைப்பை நிறைவேற்றியிருந்தது. அதில் அதிபரின் கை ஓங்கியிருந்தது. பிரதமரைத் தாமாகவே நீக்கும் உரிமையும் அவருக்கு இருந்தது.

ஆனால் உள்நாட்டில் இழந்த மதிப்பை வெளிநாட்டில் ஈட்ட முடியாது என்பதைக் குச்மாவின் பிற்காலம் காட்டியது. பத்திரிகையாளர் ஹியோர்ஹி கொங்காட்ஸேயின் 2000ஆம் ஆண்டுக் கொலையும், அதில் அவருக்குத் தொடர்புண்டு எனக் காட்டுவதாகச் சொல்லப்பட்ட ஒலிப்பதிவுகளும், ஈராக்குக்கு ராடார் கருவிகள் விற்க அவர் ஒப்புதல் தந்தார் என்ற குற்றச்சாட்டும் மேற்கு நாடுகளில் அவரைத் தனிமைப்படுத்தின. 2002 நவம்பரில் பிராக் நகரில் நடந்த நேட்டோ மாநாட்டுக்கு அவர் அழைப்பில்லாத விருந்தினரைப் போலச் சென்றபோது, நாடுகளின் இருக்கைகள் வழக்கமான ஆங்கில அகரவரிசையில் அல்லாமல் பிரெஞ்சு அகரவரிசையில் அமைக்கப்பட்டன. ஆங்கில வரிசைப்படி உக்ரைன் அதிபர் பிரிட்டனின் டோனி பிளேருக்கும் அமெரிக்காவின் ஜார்ஜ் புஷ்ஷுக்கும் அருகில் அமர வேண்டியிருந்திருக்கும். அதைத் தவிர்க்கவே அந்த மாற்றம். இதன் பிறகு குச்மா மாஸ்கோவை நோக்கி மேலும் நகர்ந்தார். 2003இல் ரஷ்யாவுடனான பொதுப் பொருளாதார வெளிக்கான உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்.

இரண்டு குரல்களில் பேசிய நாடு

2004ஆம் ஆண்டின் அதிபர் தேர்தலை ஆரஞ்சுப் புரட்சி என்ற பெயரால் பலரும் அறிந்திருப்பார்கள். நவம்பர் 21 அன்று நடந்த இரண்டாம் சுற்றில் ரஷ்யச் சார்புடைய விக்டர் யானுகோவிச் வென்றதாக அறிவிக்கப்பட்டது. முறைகேடுகளை எதிர்த்து இலட்சக்கணக்கானோர் மைதானில் திரண்டார்கள். உச்ச நீதிமன்றம் முடிவை ரத்து செய்தது. டிசம்பர் 26 அன்று நடந்த மறுவாக்குப்பதிவில் மேற்குச் சார்புடைய விக்டர் யுஷ்சென்கோ வென்றார். அதிகம் பேசப்படாத செய்தி, அந்த மறுவாக்குப்பதிவுக்காகக் கொடுக்கப்பட்ட விலையாகும். போலந்து, லிதுவேனியா ஆகியவற்றின் அதிபர்களும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பிரதிநிதியும் உடனிருந்த பேச்சுவார்த்தைகளின் தொடர்ச்சியாக, டிசம்பர் 8 அன்று ராடா 402 வாக்குகளால் அரசமைப்பைத் திருத்தியது. பிரதமரை முடிவுசெய்யும் உரிமை அதிபரிடமிருந்து ராடாவின் கூட்டணிக்கு மாறியது. வெற்றி பெறப்போகும் யுஷ்சென்கோவின் அதிகாரத்தை, அவர் வெற்றி பெறும் முன்னரே குறைத்துவிட்ட சமரசம் இது.

அதன் விளைவு 2006இல் வெளிப்பட்டது. நாடாளுமன்றத் தேர்தலுக்குப் பின் ஏற்பட்ட கூட்டணி மாற்றத்தால், தேர்தலில் யுஷ்சென்கோவிடம் தோற்ற அதே யானுகோவிச் ஆகஸ்டில் பிரதமரானார். நேட்டோவில் சேர்வதற்கான செயல்திட்டத்தை விரைவில் பெற வேண்டும் என்பது அதிபரின் கொள்கை. செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸ் சென்ற பிரதமரோ அதற்கு இடைவெளி தேவை என்று அறிவித்தார். அதிபரின் தேர்வாக வெளியுறவு அமைச்சர் பதவியில் இருந்த போரிஸ் தராசியுக்கை டிசம்பர் 1 அன்று ராடா நீக்கியது. அந்த நீக்கம் செல்லாது என்று அதிபர் கூறினார். தம் பதவி தொடர்வதாகக் கருதி அமைச்சரவைக் கூட்டத்துக்குச் சென்ற தராசியுக்கை உள்ளே விடாமல் தடுத்தார்கள். ஒரு நாட்டின் வெளியுறவு அமைச்சர் யார் என்பதே பல வாரங்கள் தெளிவில்லாமல் இருந்தது. 2007 ஜனவரி இறுதியில் அவர் பதவி விலகினார். அரை அதிபர் முறையில் வெளியுறவு எப்படி முடங்கும் என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரியவில்லை.

2008 ஜனவரியில் அதிபர் யுஷ்சென்கோ, பிரதமர் யூலியா திமோஷென்கோ, ராடாவின் தலைவர் அர்செனி யாத்செனியுக் ஆகிய மூவரும் ஒன்றாகக் கையெழுத்திட்டு நேட்டோவுக்குக் கடிதம் அனுப்பினார்கள். அதை எதிர்த்து எதிர்க்கட்சியினர் ராடாவை வாரக்கணக்கில் இயங்கவிடாமல் தடுத்தார்கள். பொதுமக்களிலும் நேட்டோவை ஆதரித்தோர் அன்று சிறுபான்மையினரே. ஏப்ரலில் புகாரெஸ்டில் கூடிய நேட்டோ தலைவர்கள் உக்ரைனும் ஜார்ஜியாவும் ஒருநாள் உறுப்பினராகும் என்று அறிவித்துவிட்டு, அதற்கான செயல்திட்டத்தைத் தராமல் விட்டார்கள். மாஸ்கோவைச் சினமூட்டிய, ஆனால் கீவுக்குப் பாதுகாப்பு எதையும் தராத அறிவிப்பு அது.

எரிவாயு ஒப்பந்தமும் ஒரு சிறைத் தண்டனையும்

2009 ஜனவரியில் விலைத் தகராறால் ரஷ்யா எரிவாயுவை நிறுத்தியது; உக்ரைன் வழியாக எரிவாயு பெற்றுவந்த ஐரோப்பிய நாடுகள் பலவும் கடுங்குளிரில் தவித்தன. பிரதமர் திமோஷென்கோ மாஸ்கோ சென்று விளாதிமிர் புதினுடன் பேசி, ஜனவரி 19 அன்று பத்தாண்டு ஒப்பந்தம் கையெழுத்தாக வழிசெய்தார். 2010இல் யானுகோவிச் அதிபர் தேர்தலில் திமோஷென்கோவைத் தோற்கடித்த பிறகு, அந்த ஒப்பந்தத்தை முடித்ததில் அதிகார வரம்பை மீறினார் என்று அவர்மீது வழக்குத் தொடரப்பட்டு, 2011 அக்டோபரில் ஏழாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. வெளிநாட்டுடன் செய்த ஒப்பந்தம் உள்நாட்டு எதிரியை அகற்றும் கருவியானது. அதோடு அது நிற்கவில்லை. தேர்ந்தெடுத்துத் தண்டிக்கும் நீதிமுறை முடிவுக்கு வர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம், உக்ரைனுடன் அரசியல், வணிக உறவுக்காகச் செய்யவிருந்த இணைப்பு ஒப்பந்தத்துக்கு நிபந்தனை விதித்ததால், உள்நாட்டுச் சிறைத் தண்டனை மீண்டும் வெளியுறவின் நடுவில் வந்து நின்றது.

யானுகோவிச் அதிபரான சில வாரங்களிலேயே, 2010 ஏப்ரல் 21 அன்று கார்கிவ் நகரில், ரஷ்யக் கருங்கடல் கப்பற்படை செவஸ்தோபோலில் தங்கும் காலத்தை 2017இலிருந்து 2042 வரை நீட்டித்துக் கையெழுத்திட்டார். மாற்றாக எரிவாயு விலையில் தள்ளுபடி கிடைத்தது. ஆறு நாட்களில் ராடா அதை 236 வாக்குகளால் ஏற்றுக்கொண்டது. அவைத் தலைவர் வொலோதிமிர் லித்வின்மீது எதிர்க்கட்சியினர் முட்டைகளை வீச, அவருடைய ஊழியர்கள் குடைகளை விரித்து அவரை மறைத்துக்கொண்டு நிற்க, புகைக்குண்டுகளின் புகை அவையை நிரப்ப, வாக்கெடுப்பு நடந்து முடிந்தது. 226ஐவிடப் பத்து வாக்குகள் மட்டுமே கூடுதலாகப் பெற்று, ஒரு தலைமுறைக்கான இராணுவ ஏற்பாடு அன்று சட்டமானது. அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் அரசமைப்பு நீதிமன்றம் 2004ஆம் ஆண்டுத் திருத்தத்தைச் செல்லாது என்று அறிவிக்க, குச்மா காலத்து வலிமை முழுவதும் யானுகோவிச்சிடம் வந்து சேர்ந்தது.

இவ்வாறு அதிகாரம் ஒருவரிடம் குவிந்ததுதான் 2013இன் நெருக்கடியை அவ்வளவு ஆபத்தானதாக ஆக்கியது. நவம்பர் 21 அன்று, திமோஷென்கோ வெளிநாட்டில் சிகிச்சை பெற வழிசெய்யும் மசோதாக்களை ராடா நிராகரித்தது. அன்றே அமைச்சரவை இணைப்பு ஒப்பந்தத்துக்கான ஆயத்தங்களை நிறுத்திவைத்தது. அன்றிரவே மைதானில் மக்கள் கூடத் தொடங்கினார்கள். டிசம்பர் 17 அன்று ரஷ்யா 1,500 கோடி டாலர் கடனும் எரிவாயு விலைக்குறைப்பும் தருவதாக அறிவித்தது. 2014 பிப்ரவரியில் கீவின் தெருக்களில் துப்பாக்கிச்சூடு நடந்து ஏறத்தாழ நூறு பேர் உயிரிழந்தார்கள். யானுகோவிச் தலைநகரை விட்டு வெளியேறினார். பிப்ரவரி 22 அன்று ராடா 328 வாக்குகளால் அவரைப் பதவியிலிருந்து அகற்றி, 2004ஆம் ஆண்டின் அரசமைப்புக்குத் திரும்பியது. மார்ச்சில் ரஷ்யா கிரிமியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது.

ரஷ்யாவின் ஆக்கிரமிப்பு உக்ரைனின் தேர்தல் கணக்கையும் மாற்றிவிட்டது என்பதை இங்கே சொல்ல வேண்டும். ரஷ்ய நட்பை விரும்பிய கட்சிகளுக்கு மிக வலுவான ஆதரவு இருந்தது கிரிமியாவிலும் டொன்பாஸிலும்தான். கிரிமியாவும் டொன்பாஸின் ஒரு பகுதியும் வாக்குப்பதிவுக்கு வெளியே போனதோடு, எஞ்சிய பகுதிகளின் வாக்காளர்களும் மனம் மாறினார்கள். முன்பு பாதிக்குப் பாதியாக இருந்த நாடு, மாஸ்கோவின் செயலாலேயே மேற்கு நோக்கித் திரும்பியது.

கையெழுத்தானாலும் நிறைவேறாத மின்ஸ்க்

2014இல் டொன்பாஸில் வெடித்த போரை நிறுத்துவதற்காக 2015 பிப்ரவரி 12 அன்று பெலாரஸின் தலைநகரில் ஏற்பட்ட இரண்டாம் மின்ஸ்க் உடன்பாடு, ரஷ்ய ஆதரவு பெற்ற ஆயுதக் குழுக்களின் கையில் இருந்த டொன்பாஸ் பகுதிகளின் தனித்தன்மையைக் கருத்தில் கொண்டு உக்ரைன் தன் அரசமைப்பைத் திருத்த வேண்டும் என்று கோரியது. அதிபர் பெத்ரோ பொரோஷென்கோவின் அரசு அதிகாரப் பரவலாக்கத் திருத்தத்தை ராடாவில் வைத்தது. ஆகஸ்ட் 31 அன்று முதல் வாக்கெடுப்பில் 265 பேர் ஆதரித்தார்கள். அதே நேரத்தில் கட்டடத்துக்கு வெளியே நடந்த போராட்டத்தில் ஒருவர் கையெறி குண்டு வீச, காவலுக்கு நின்ற தேசியக் காவல் படையைச் சேர்ந்த இளைஞர்கள் உயிரிழந்தார்கள். மறுநாளே ஒரு கட்சி கூட்டணியை விட்டு விலகியது. இரண்டாம் வாக்கெடுப்புக்கு வேண்டிய 300 ஒருபோதும் கிடைக்கவில்லை. அந்தத் திருத்தம் அப்படியே நின்றுபோனது.

கீவ் மின்ஸ்க் உடன்பாட்டை நிறைவேற்றவில்லை என்று மாஸ்கோவும், எல்லைக் கட்டுப்பாட்டையும் பாதுகாப்பையும் திருப்பித் தராமல் அரசியல் சலுகை கேட்கிறார்கள் என்று கீவும் ஏழாண்டுகள் வாதிட்டன. என் பார்வையில், அந்த உடன்பாட்டை எழுதியவர்கள் ராடாவின் எண்ணிக்கையைக் கணக்கில் எடுக்கத் தவறினார்கள். துப்பாக்கி முனையில் பெற்ற கையெழுத்தை 300 பேரின் வாக்காக மாற்றும் வழி எந்த அதிபரிடமும் இல்லை. 2019இல் ஜெலென்ஸ்கி பேச்சுவார்த்தையைப் புதுப்பிக்க முயன்றபோதும், சரணடைய மாட்டோம் என்ற முழக்கத்தோடு கீவில் பெருங்கூட்டம் திரண்டது.

மாறாக, எதிர்த்திசையில் 300 வாக்குகள் எளிதாகக் கிடைத்தன. 2019 பிப்ரவரியில், ஐரோப்பிய ஒன்றியத்திலும் நேட்டோவிலும் முழு உறுப்பினராவதே நாட்டின் போக்கு என்று அரசமைப்பிலேயே ராடா எழுதிவைத்தது. அடுத்து வரும் அதிபர் எவரும் தம் விருப்பப்படி திசை மாற்றிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

வெளியார் உள்ளே அமரும் இடங்கள்

2019 ஏப்ரலில் 73 விழுக்காடு வாக்குகளுடன் ஜெலென்ஸ்கி வென்றார். க்ரிவீ ரிஹ் நகரில் ரஷ்ய மொழி பேசி வளர்ந்த யூதக் குடும்பத்தவரான அவர், லிவிவ் மாகாணம் தவிர மற்ற எல்லா மாகாணங்களிலும் முன்னிலை பெற்றார். ஜூலையில் அவருடைய மக்கள் சேவகர் கட்சி 254 இடங்களை வென்று, தனிக்கட்சியாக 226ஐத் தாண்டிய முதல் கட்சியானது. பாங்கோவாவும் ஹ்ருஷெவ்ஸ்கி தெருவும் ஒரே கையில் வந்தன.

அப்படி இருந்தும் வெளியிலிருந்து வரும் அழுத்தம் ஓயவில்லை. அந்த அழுத்தம் எப்போதும் தீமையானதும் அல்ல. 2020இல் சர்வதேச நாணய நிதியம், அரசுடைமையாக்கப்பட்ட வங்கிகளை முன்னாள் உரிமையாளர்களுக்குத் திருப்பித் தரக் கூடாது என்ற சட்டத்தைக் கடனுக்கு நிபந்தனையாக வைத்தது. பிரிவாத் வங்கியை 2016இல் இழந்த செல்வந்தர் இஹோர் கொலோமோய்ஸ்கியை அது நேரடியாகப் பாதிப்பதால், மசோதாவைத் தாமதப்படுத்த 16,000க்கும் மேற்பட்ட திருத்தங்களை உறுப்பினர்கள் தாக்கல் செய்தார்கள். அவையின் நடைமுறை விதியையே மாற்றிய பிறகுதான் மே மாதத்தில் சட்டம் நிறைவேறியது. ஜூனில் 500 கோடி டாலர் கடன் ஒப்புதல் பெற்றது.

மொழிப் பிரச்சினையும் இதே வகையைச் சேர்ந்தது. பள்ளிகளில் உக்ரைனிய மொழிக்கு முதன்மை தரும் 2017ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ரஷ்ய மொழியின் ஆதிக்கத்தை மனத்தில் வைத்து இயற்றப்பட்டது. ஆனால் மேற்கு எல்லையிலுள்ள சகர்பாத்தியா மாகாணத்தின் ஹங்கேரியச் சிறுபான்மையினரையும் அது தொட்டது. உடனே ஹங்கேரி, நேட்டோவும் உக்ரைனும் அமைச்சர் நிலையில் கூடும் கூட்டங்களைத் தடுக்கத் தொடங்கியது. 2023 டிசம்பரில், உறுப்பினர் பேச்சுவார்த்தை தொடங்க வேண்டிய நேரத்தில், ஐரோப்பிய ஒன்றியத்தின் மொழிகளைப் பேசும் சிறுபான்மையினரின் கல்வி உரிமைகளை விரிவாக்கி ராடா சட்டத்தைத் திருத்தியது.

2022 பிப்ரவரி 24 அன்று முழுப் படையெடுப்பு தொடங்கிய ஐந்தாம் நாளே உக்ரைன் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர விண்ணப்பித்தது. ஜூன் 23 அன்று வேட்பாளர் தகுதி கிடைத்தது. 2024 ஜூன் 25 அன்று பேச்சுவார்த்தைகள் முறைப்படி தொடங்கின. ஆனால் அடுத்த படியாகப் பேச்சுவார்த்தைத் தலைப்புகளைத் திறக்க எல்லா உறுப்பு நாடுகளின் ஒப்புதலும் வேண்டும் என்பதால், 2025 முழுவதும் ஹங்கேரியின் தடை அதை நிறுத்திவைத்தது.

2025 ஜூலையின் பத்து நாட்கள்

ஊழல் வழக்குகளை விசாரிக்க 2015இல் தேசிய ஊழல் தடுப்பு அமைப்பும் அதனுடன் இணைந்த தனி வழக்கறிஞர் அலுவலகமும் உருவாக்கப்பட்டன. 2019இல் உயர் ஊழல் தடுப்பு நீதிமன்றம் இயங்கத் தொடங்கியது. இவை மூன்றும் மைதானில் நின்ற மக்களின் கோரிக்கையும் மேற்கு நாடுகளின் நிபந்தனையும் சேர்ந்து பெற்றெடுத்தவை. 2025 ஜூலை 22 அன்று, இவற்றில் முதல் இரண்டையும் தலைமை வழக்கறிஞரின் கட்டுப்பாட்டில் வைக்கும் சட்டத்தை ராடா 263 வாக்குகளால் நிறைவேற்றியது. அதிபர் அன்றே கையெழுத்திட்டார்.

அன்று மாலையே கீவில் அதிபர் அலுவலகத்துக்கு அருகிலுள்ள இவான் பிராங்கோ நாடக அரங்கின் முன்பும், லிவிவ், திநிப்ரோ, ஒதேஸா ஆகிய நகரங்களிலும் மக்கள் கூடினார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள். அட்டைப் பெட்டிகளைக் கிழித்து அவற்றின்மேல் கையால் எழுதிய வாசகங்களை ஏந்தி நின்றார்கள். இரவில் வான்தாக்குதல் எச்சரிக்கை ஒலிக்கும் நாட்டில், போர்க்காலச் சட்டம் பொதுக்கூட்டங்களைக் கட்டுப்படுத்தும் நிலையில், முழுப் போர் தொடங்கிய பின் அரசை எதிர்த்து நடந்த முதல் பெரும் போராட்டம் அது. ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் விளக்கம் கேட்டார். ஜூலை 31 அன்று, அவை நடவடிக்கை நேரலையாக ஒளிபரப்பாக, அவ்விரு அமைப்புகளின் சுதந்திரத்தை மீட்கும் சட்டம் 331 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்து ஒரு வாக்கும் பதிவாகவில்லை.

பத்து நாட்களில் 263 ஆக இருந்தது 331 ஆனதற்குத் தெருவில் நின்றவர்களின் அழுத்தமும் வெளியிலிருந்து வந்த அழுத்தமும் சேர்ந்தே காரணம். வெளிநாட்டார் மிரட்டியதால் கீவ் பணிந்தது என்று மட்டும் சொல்வது அந்த இளைஞர்களுக்குச் செய்யும் அநீதி. தம் நாடு எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அவர்கள் அங்கு நின்றார்கள்.

அதே ஊழல் தடுப்பு அமைப்பு நவம்பரில் அணுமின் நிறுவனமான எனர்கோஆட்டம் தொடர்பான பெரும் ஊழல் விசாரணையை வெளிப்படுத்தியது. அமைச்சர்கள் இருவர் பதவி இழந்தார்கள். நவம்பர் 28 அன்று, தம் வீட்டில் சோதனை நடந்த அன்றே, அதிபர் அலுவலகத் தலைவர் ஆந்திரி யெர்மாக் பதவி விலகினார். மக்களால் தேர்ந்தெடுக்கப்படாத, ராடாவுக்குப் பதில் சொல்லக் கடமைப்படாத பதவி அது. ஆயினும் அமெரிக்காவுடனான சமாதானப் பேச்சுவார்த்தைக்கு உக்ரைன் குழுவின் தலைவராக இருந்தவர் அவரே. போர்க்காலத்தில் அதிகாரம் பாங்கோவாவில் எந்த அளவுக்குக் குவிந்திருந்தது என்பதற்கும், அந்தக் குவிப்பைத் தட்டிக்கேட்கும் அமைப்பு அந்நாட்டில் உயிரோடு இருக்கிறது என்பதற்கும் இந்நிகழ்வே சான்று.

சமாதானத்துக்கு முன் நிற்கும் பிரிவுகள்

2022 முதல் நாடு போர்க்காலச் சட்டத்தின் கீழ் இருக்கிறது. அதை ராடா அவ்வப்போது, பெரும்பாலும் 90 நாட்கள் வீதம், வாக்களித்து நீட்டித்து வருகிறது. அந்தச் சட்டம் நடைமுறையில் உள்ளவரை தேர்தல் நடத்த முடியாது. ஜெலென்ஸ்கியின் ஐந்தாண்டு 2024 மே மாதத்தில் முடிந்துவிட்டதால் அவருக்குக் கையெழுத்திடும் தகுதியில்லை என்று புதின் கூறிவருகிறார். புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பொறுப்பேற்கும்வரை அதிபர் தம் கடமைகளைச் செய்வார் என்கிறது அரசமைப்பின் 108ஆம் பிரிவு. போர்க்காலச் சட்டத்தின்போது பதவிக்காலம் முடிந்தால், அது விலக்கப்பட்ட பின் தேர்ந்தெடுக்கப்படும் புதிய ராடா கூடும்வரை பழைய ராடா தொடரும் என்கிறது 83ஆம் பிரிவு.

நிலப்பகுதியை விட்டுக்கொடுக்கும் பேச்சுக்கு இதைவிடக் கடுமையான தடை உண்டு. 73ஆம் பிரிவின்படி, நாட்டின் எல்லையை மாற்றும் எந்தக் கேள்வியையும் அனைத்து உக்ரைனியப் பொதுவாக்கெடுப்பு மட்டுமே தீர்மானிக்க முடியும். நேட்டோ என்ற இலக்கைக் கைவிட வேண்டுமானால் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தை மாற்ற வேண்டும். அதற்கு 300 வாக்குகள் வேண்டும். 157ஆம் பிரிவோ போர்க்காலச் சட்டம் நடைமுறையில் இருக்கும்போது அரசமைப்பைத் திருத்தவே கூடாது என்கிறது. வாக்கெடுப்பானாலும் திருத்தமானாலும், முதலில் துப்பாக்கிகள் ஓய வேண்டும், போர்க்காலச் சட்டம் விலக்கப்பட வேண்டும், போர்முனையில் உள்ள வீரர்களும் வெளிநாடுகளில் தஞ்சம் புகுந்துள்ள இலட்சக்கணக்கானோரும் வாக்களிக்க வழிசெய்யப்பட வேண்டும். முதலில் போர்நிறுத்தம், பிறகு மற்றவை என்று கீவ் விடாமல் வலியுறுத்துவதற்கு இராணுவக் காரணங்களோடு இந்தச் சட்டக் காரணமும் இருக்கிறது. சலுகைகளைப் போர்நிறுத்தத்துக்கு முன்பே எழுத்தில் தர வேண்டும் என்று மாஸ்கோ கேட்கும்வரை, அவற்றைச் சட்டப்படி தரக்கூடிய அதிகாரம் பாங்கோவாவில் இருக்கும் எவரிடமும் இல்லை.